ஆசிரியராகிய இறைவன்

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசைப்படுத்திச் சொல்வது நம்மவர் வழக்கம். அவ்வரிசையில் குரு வேறு, தெய்வம் வேறு. கத்தோலிக்க ஞானோபதேசத்திலோ அவ்விரண்டு இடங்களும் ஒன்றாகின்றன. அங்கே கற்பிப்பவர் இறைவனே. பிள்ளைகளின் முன் நிற்கும் உபதேசியார் அவருடைய கருவி மாத்திரமே. இக்கருத்து மிகப் பழையது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித அகுஸ்தினார் ஆசிரியரைப் பற்றியே ஒரு நூல் இயற்றினார். சொற்கள் வெளியிலிருந்து செவியைத் தட்டும் அடையாளங்கள். உண்மையை உள்ளிருந்து விளங்கவைக்கும் ஆசிரியர் கிறிஸ்துவே என்பது அந்நூலின் முடிபு.

இவ்வாசிரியர் கற்பிக்கும் முறை யாது? இறைவன் தம்மை ஒரே நாளில் முழுவதும் வெளிப்படுத்தாமல், மாணாக்கரின் தகுதிக்கேற்பப் படிப்படியாக வெளிப்படுத்தினார் என்று 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கூறுகிறது. தாய் மழலையோடு மழலையாகப் பேசுவதுபோல், அவர் மனிதரின் மொழிக்கு இறங்கி வருகிறார். அங்ஙனமாயின், அவர் பெயரால் கற்பிப்போரும் மாணாக்கரின் மொழிக்கு இறங்கி வரவேண்டுமன்றோ?

இங்கே கொல்கத்தாவின் நியூ டவுனில் 2017 முதல் செயின்ட் சேவியர்ஸ் பல்கலைக்கழகம் நடந்து வருகிறது. அப்பெயருக்குரிய புனித பிரான்சிஸ் சவேரியார் தமிழ்க் கரையில் உழைத்தவர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்தவர்களைத் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார்.

ஆயினும் மொழிபெயர்ப்பில் ஓர் இடர் நேர்ந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் புகுந்துவிட்டது. 1544-இல் தம் உடனுழைப்பாளரான மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் அதனைத் திருத்தினார். ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிக்கும், நம்பிக்கையைக் குறிக்காது. ஆகவே விசுவாசம் என்பதைக் குறிக்கும் சொல்லையே சொல்லுக என்று பணித்தார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இத்திருத்தம் பெரிதாகத் தோன்றுகிறது. அதுவரை பிள்ளைகள் பிழையின்றி ஒப்பித்தனர். ஒப்பித்ததன் பொருளோ வேறாக இருந்தது.

அவருக்குப் பின் வந்த அன்றீக் அடிகளார் தமிழை ஆழ்ந்து கற்றார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் அச்சேறியது. இந்திய எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் அதுவே முதலாவது. மறு ஆண்டில் கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆசிரியரும் மாணாக்கரும் உரையாடும் வினாவிடையாக அமைந்தது. வங்கத்திலும் இதே நிகழ்ச்சியைக் காண்கிறோம். பாவால் பகுதியில் உழைத்த மனுவேல் தா அசும்சாம் என்னும் துறவியின் ‘கிருபார் சாஸ்த்ரேர் அர்த்தபேத்’ 1743-இல் லிஸ்பன் நகரில் ரோமன் எழுத்தில் அச்சாயிற்று. அதுவும் குருவும் சீடனும் உரையாடும் ஞானோபதேசமே. வங்க மொழியில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் அது ஒன்று.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு தொலைவிலுள்ள செய்தியன்று. நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் வங்காளமோ மராத்தியோ, பள்ளியில் ஆங்கிலம். செபத்தையாவது தமிழில் சொல்லட்டும் என்று பெற்றோர் விரும்புகின்றனர்; விருப்பம் நியாயமானதே. ஆனால் ‘பரமண்டலம்’ என்று கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கும் சிறுவனுக்கு அச்சொல்லின் பொருள் தெரியாவிடில், நாம் தமிழையும் கொடுக்கவில்லை, செபத்தையும் கொடுக்கவில்லை. திருப்பாவையும் தேவாரமும் கற்பிக்கும் இல்லங்களுக்கும் இது பொருந்தும்.

பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வலியுறுத்தியது. அப்பணிக்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. மாலை செபம் முடிந்ததும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பொருளைப் பிள்ளை அறிந்த மொழி எதுவாயினும் அதில் விளக்குங்கள். பிறகு தமிழ்ச்சொல்லை மீண்டும் சொல்லச் செய்யுங்கள். பிள்ளை கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள். பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, கேட்டும் வினவியும் இருந்தார் என்றுதான் லூக்கா நற்செய்தி கூறுகிறது. கற்பிக்கும் இறைவனே வினவும் மாணாக்கராக அங்கே அமர்ந்திருந்தார்.