அப்பா என்ன செய்கிறார்?



குரும்பகரத்தில் பேசும்போது இங்குள்ள பொறியியல் மாணவர்களை மனதில் வைத்தே பேசுகிறேன். நம் காரைக்கால் மாவட்டத்துத் திருவேட்டக்குடியிலேயே என்.ஐ.டி. இருக்கிறது. அதில் நுழைய இடஒதுக்கீடு உண்டு. படிப்பு முடிந்து பெரிய மென்பொருள் நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போகும்போது அந்தப் பாதுகாப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான்.

கோடிங் தேர்வில் கணினி சாதி பார்ப்பதில்லை. எழுதிய புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்பதே கேள்வி. கடைசியில் எச்.ஆர். சுற்று வரும். "குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள், அப்பா என்ன செய்கிறார்?" என்பார்கள். சாதி உள்ளே நுழைவது இந்த வழியாகத்தான்.

இது நம் கற்பனையல்ல. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் 25 எச்.ஆர். மேலாளர்களிடம் பேசி 2007இல் கட்டுரை வெளியிட்டார்கள். தகுதி மட்டுமே பார்க்கிறோம் என்றவர்களே குடும்பப் பின்னணி முக்கியம் என்றும் சொன்னார்கள். அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. ஆதிக்கசாதிப் பெயரை 1 என்று வைத்தால், அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

வேலை கிடைத்து அமெரிக்கா போனாலும் இது தொடர்கிறது. ஒரு தலித் பொறியாளர் இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர் என்று மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னதாகப் புகார் எழுந்தது. 2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறை சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனம் மறுத்தது. இரு மேலாளர்கள் மீதான வழக்கை 2023இல் துறையே விலக்கிக்கொண்டது. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்தது. பேசாமல் இருந்திருந்தால் அந்தச் சட்டம் வந்திருக்காது.

"அப்பா விவசாயக் கூலி என்று நிமிர்ந்து சொல்" என நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சரிதான். ஆனால் அந்த நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கும் 21 வயதுப் பிள்ளையிடம் துணிச்சலை மட்டும் கேட்பது நியாயமில்லை. கேள்வியையே மாற்ற வேண்டும். முதல் வடிகட்டலில் பெயரை மறைக்கட்டும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கட்டும். நேர்காண்பவர்கள் தங்களுக்குள் கலந்துபேசுமுன் தனித்தனியே மதிப்பெண் எழுதட்டும். குடும்பக் கேள்வியை எடுத்துவிடட்டும். தனியார் துறையிலும் இடஒதுக்கீடு வரட்டும்.

இவற்றை நேர்காணல் அறையில் அந்தப் பிள்ளை கேட்க முடியாது. வெளியே நின்று கேட்க வேண்டியவர்கள் நாம்.

ஜெய்பீம்.