வாதம் ஒன்றா, பலவா?

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தேக சுகத்தைப் பற்றி யாதேனும் பேசவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் பணித்தபொழுது, வீடுகள்தோறும் இருந்தும் ஒருவராலும் சரிவர விசாரிக்கப்படாத வியாதி எது என்று யோசித்தேன். மூட்டு வலியே அது. முழங்கால் வலித்தாலும் வாதம், விரல் வீங்கினாலும் வாதம், இடுப்புப் பிடித்தாலும் வாதம் என்று எல்லாவற்றிற்கும் ஒரே பெயரைச் சொல்லி, ஒரே தைலத்தைத் தடவி, ஒரே ஆறுதலையும் சொல்லிக்கொள்ளுகிறோம். பெயர் ஒன்றாயிருத்தலால் நோயும் ஒன்றே என்று நினைப்பதுதான் பெருங்கேடு. மூட்டு வியாதிகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் சில மெல்ல வருத்துவன. சிலவோ, சில மாதம் கவனியாதிருப்பினும் கைகால்களை மீளாதபடி கோணச் செய்வன. இவற்றைப் பிரித்தறிய வேண்டும், காலந் தாழ்த்தாது பிரித்தறிய வேண்டும் என்பதே இன்று யான் சொல்ல வந்தது.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் பலவகை மூட்டு வீக்கங்களைக் கௌட் என்னும் ஒரு பெயருள் அடக்கி வந்தனர். 1800-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் இருந்த லாந்த்ரே-போவே என்னும் இளம் வைத்தியர், ஏழைப் பெண்கள் சிலருக்குப் பல மூட்டுக்கள் ஒருங்கே வீங்கக் கண்டு, இது வழக்கமான கௌட்டினின்று வேறுபட்டது என்று எழுதினார். பின்னர் லண்டனில் ஆல்பிரட் காராட் என்பவர், நோயாளிகளின் இரத்தத்தினின்று பிரித்த தெளிநீரில் நூலிழையை இட்டு வைத்துப் பார்த்தார். கௌட் உள்ளவரது தெளிநீராயின், யூரிக் அமிலம் படிகமாகி அந்நூலிற் படிந்தது; மற்ற வியாதியுடையாரிடத்தில் அவ்வாறு படியவில்லை. 1859-இல் அவர் அம்மற்ற வியாதிக்கு ருமடாய்டு ஆர்த்ரைடிஸ் என்று பெயரிட்டார். நாம் முடக்குவாதம் என்பது அதனையே.

இனி, நம் வீடுகளிற் காணும் முக்கியமான வகைகளைச் சொல்லுகிறேன்.

முதலாவது, தேய்மானம். எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு வயதினாலும், உடற்பருமனாலும், பழைய அடியினாலும் நாளடைவில் கெடுவது. முழங்காலே இதற்குப் பெரிதும் இலக்காகும். நடந்தால் வலி மிகும், அமர்ந்தால் தணியும். காலையில் பிடிப்பு இருப்பினும் அரைமணிக்குள் விட்டுவிடும். எடையைக் குறைத்தலும், தொடைத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தலும் இதற்கு நல்ல சிகிச்சைகள்.

இரண்டாவது, கௌட். முன் சொன்ன யூரிக் அமிலம் படிகமாகி மூட்டிற் சேர்வதனால் வருவது. பெரும்பாலும் ஆண்களுக்கு, நள்ளிரவில், காற்பெருவிரலில், துணி பட்டாலும் பொறுக்கலாகாத வலியுடன் தோன்றும். மதுபானமும் மிகுந்த மாமிச உணவும் இதனைத் தூண்டும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் இதனை முற்றும் அடக்கி வைக்கலாம்.

மூன்றாவது வகையே நாம் மிகவும் அஞ்சத்தக்கது. நோய்க் கிருமிகளினின்று நம்மைக் காக்கும் சக்தி ஒன்று சரீரத்தில் உண்டு. ஊர்க் காவலுக்கு வைத்த தலையாரி, மதி மயங்கி ஊராரையே கள்வரென்று எண்ணி அடித்தால் எப்படியோ, அப்படி அச்சக்தி தன் சரீரத்தையே தாக்கத் தொடங்குகிறது. மூட்டுக்களின் உட்சவ்வைத் தாக்கினால் அது முடக்குவாதம். ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இஃது இரண்டு மூன்று மடங்கு அதிகம். கிழவருக்கே உரியதென்று எண்ணற்க. முப்பது, நாற்பது வயதிலும் வரும். வேறொரு வகை குழந்தைகளையும் பற்றும். புகை பிடித்தல் இது வருதற்கு ஏதுவாகுமென்று தெளிவாக அறியப்பட்டிருக்கிறது.

இதன் குறிகளைத் தாய்மார்கள் நினைவில் வைத்தல் வேண்டும். இரண்டு கைகளிலும் மணிக்கட்டும், விரல்களின் அடிக்கணுக்களும், நடுக்கணுக்களும் வீங்கும். காலையில் எழுந்தால் ஒருமணி நேரமேனும் விரல் மடங்காது. பானையை இறக்கவும், குழாயைத் திருகவும், ரவிக்கைக் கொக்கியை மாட்டவும் இயலாது. வேலை செய்யச் செய்யச் சிறிது இளகும். காரணமில்லாத அயர்வும் இருக்கும். இக்குறிகள் ஆறு வாரத்திற்கு மேல் நீடித்தால், மூட்டு வியாதிகளில் தேர்ந்த வைத்தியரிடம் காட்டுக. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் காணவில்லை என்பது கொண்டே நோயில்லை என்று துணிதல் கூடாது. சிலருக்கு நோயிருந்தும் பரிசோதனையில் தெரிவதில்லை.

இவ்வகையைச் சேர்ந்த வேறு சிலவும் உண்டு. வாலிபருக்கு இடுப்பும் முதுகும் இரவின் பின்பகுதியில் வலித்து எழுப்பி, நடமாடினால் தணியுமாயின், அது முதுகெலும்பை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும் வாதமாக இருக்கலாம். செதிள் செதிளாக உதிரும் சோரியாசிஸ் என்னும் தோல் நோய் உடையாருக்கு மூட்டு வீக்கமும் வருவதுண்டு. இளம் பெண்களுக்கு வெயில் பட்டால் கன்னங்களிற் சிவப்பும், முடி உதிர்தலும், மூட்டு வலியும், சுரமும் கூடி வந்தால் லூபஸ் என்னும் நோயோ என்று பார்க்கவேண்டும். அது சிறுநீரகத்தையும் கெடுக்கக் கூடியது. இவையன்றி, ஒரே மூட்டு திடீரென்று சிவந்து, சூடேறி, சுரமும் கண்டால் சீழ் பிடித்திருக்கக் கூடுமாதலால், அன்றைய தினமே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் அவசியம்.

"வாதத்திற்கு மருந்தேது?" என்று பெருமூச்சு விடும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். அச்சொல் முன்னொரு காலத்தில் மெய்யாயிருந்தது. பிரான்சு தேசத்துச் சித்திரக்காரர் ரெனுவார், இந்நோயால் கை கோணி, நாற்காலியை விட்டு எழ இயலாமல் இருந்தும் 1919-இல் இறக்குமளவும் எழுதிக் கொண்டேயிருந்தார். அவர் மனவுறுதி வியக்கத்தக்கதே. ஆயினும் அவருக்குக் கொடுக்க அன்று மருந்தில்லை. 1948-இல் அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்பவர், கார்ட்டிசோன் என்னும் மருந்தை நடக்க மாட்டாத ஒரு பெண்மணிக்குச் செலுத்த, சில தினங்களில் அவர் நடந்தார். 1950-இல் ஹென்சுக்கும் வேறு இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. எனினும் அம்மருந்தை மிகுதியாக நெடுநாள் கொடுத்தால் எலும்பு நொறுங்கும், சர்க்கரை நோய் வரும், முகம் வீங்கும் என்பதும் விரைவில் விளங்கிற்று.

இன்று முதன்மையாகக் கொடுப்பது மெதொட்ரெக்ஸேட் என்பது. 1988-இல் அமெரிக்க அரசாங்கம் முடக்குவாதத்திற்கு இதனை அங்கீகரித்தது. புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்தென்று கேள்வியுற்று அஞ்சி நிறுத்துவார் உண்டு. மூட்டிற்குக் கொடுப்பது மிகச் சிறிய அளவு. ஆனால் ஒன்றை மறவாதீர்: இது வாரத்திற்கு ஒருமுறை உண்பது. தினந்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. இதற்கு அடங்காதாருக்கு, வீக்கத்தைத் தூண்டும் பொருளைத் தடுக்கும் ஊசி மருந்துகள் உள. அவ்வழியைக் கண்டவர் இருவருள் ஒருவரான ரவீந்தர் மைனி, நமது தேசத்து லூதியானாவிற் பிறந்து லண்டனில் உழைத்தவர். இவ்வூசிக்கு முன் மறைந்திருக்கும் க்ஷயரோகம் உண்டா என்று சோதித்தல் இன்றியமையாதது.

முடக்கறுத்தான் கீரையில் தோசை வார்த்துண்பதை யான் தடுக்கவில்லை. அது நல்ல உணவு. அதனை உண்டு வைத்தியரை மறப்பதையே தடுக்கிறேன். பெயரெழுதாத பொட்டலத்தில் விற்கும் சூரணங்களிலோ எச்சரிக்கை வேண்டும். அவற்றுட் சிலவற்றில் கார்ட்டிசோன் இனத்து மருந்தை மறைவாகக் கலந்திருப்பது பரிசோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. மூன்றாம் நாளே வலி பறந்ததென்று மகிழ்ந்திருக்க, உள்ளே மூட்டு அழிந்துகொண்டேயிருக்கும். நெடுநாள் உண்டவர் அதனைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரிடம் சொல்லிப் படிப்படியாகவே விடவேண்டும்.

கடைசியாக, இச்சபையிலன்றி வேறெங்கும் சொல்ல இயலாத ஒரு விஷயம். கலியாண வயதிலுள்ள பெண்ணுக்கு விரல் வீங்கினால், சம்பந்தம் தட்டிப் போகுமென்று பெற்றோர் மறைக்கின்றனர். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊரார் காண்பரென்று ஓராண்டு கழிக்கின்றனர். பெண்ணும் புகுந்த வீட்டில் மாத்திரையை மறைத்துண்கிறாள், அல்லது விட்டுவிடுகிறாள். மெதொட்ரெக்ஸேட் கருவுக்குத் தீங்கு செய்வது. கருத்தரிக்குமுன்பே வைத்தியர் அதனை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தல் வேண்டும். மறைத்த வீட்டில் இஃது எவ்வாறு நடக்கும்? கருவுற்ற காலத்தில் பலருக்கு நோய் தணிந்து, பிரசவத்திற்குப்பின் மீளவும் பொங்கும். அதைக் காற்றுப் பட்டதென்று சொல்லி மூலையில் உட்கார்த்தி வைத்தால், குழந்தையை எடுக்கும் கையே முடங்கிப் போகும்.

இது தொற்று நோயன்று. தாய்க்கு இருந்தால் மக்களுக்கும் வந்தே தீருமென்ற நியதியும் இல்லை. ஆரம்பத்திலேயே சிகிச்சை பெற்றவருள் பெரும்பாலார் இல்லறம் நடத்தி, உத்தியோகம் பார்த்து, மக்களைப் பெற்று வாழ்கின்றனர். பெண் பார்க்கச் செல்லும் மாமிமார்களே! மருந்துண்டு நலமாயிருப்பவள் என்று உண்மை சொல்லும் வீட்டை, மறைக்கும் வீட்டினும் மேலாக மதியுங்கள்.

நமது சங்கம் படிப்புக்கு நிதி வைத்திருக்கிறது. அதனோடு, வெளியூர் வைத்தியரிடம் செல்ல வகையற்ற குடும்பத்தாருக்கு வழிச்செலவு உதவவும், துணைக்கு ஒருவரை அனுப்பவும் ஏற்பாடு செய்தல் நலம். சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் மூட்டு வியாதிகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு. நிர்வாக சபையார் இதனை ஆலோசிக்குமாறு வேண்டிக்கொள்ளுகிறேன்.