ஊர்ப் பொதுத் தண்ணீர்: உரிமையும் பொறுப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வாண்டின் வரவு செலவுக் கணக்கைச் செயலாளர் அவர்கள் வாசித்து முடித்துள்ளார்கள். பள்ளிவாசலின் விளக்குத் திரி முதல் மையவாடிச் சுற்றுச்சுவர் வரை ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு உண்டு. ஆயினும் அக்கணக்கில் இடம்பெறாத செலவு ஒன்று இருக்கிறது. அது தண்ணீர். நிலத்துக்கு அடியிலிருந்து இவ்வாண்டு நாம் எவ்வளவு எடுத்தோம், மழையில் எவ்வளவைத் திருப்பித் தந்தோம் என்பதற்கு நம்மிடம் ஒரு வரிக் கணக்கும் இல்லை. அதைப் பற்றிச் சிறிது நேரம் சிந்திக்கவே இவ்வுரை.

பாங்கொலியும் மையவாடியும்

பொருளியல் அறிஞர்கள் பொருள்களைப் பிரித்தறிய இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். முதலாவது: ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்கு அது குறைந்துபோகிறதா? இரண்டாவது: பணம் தராதவரை அதன் பயனிலிருந்து விலக்கி வைக்க முடியுமா?

நம் பள்ளிவாசலின் பாங்கொலியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கேட்பதால் அடுத்தவருக்கு ஒலி குறைவதில்லை. சந்தா செலுத்தியவர் வீட்டிலும் பாக்கி வைத்தவர் வீட்டிலும் அது ஒன்றுபோலவே ஒலிக்கிறது. தெருவிளக்கு, கலங்கரை விளக்கம், வெள்ளத் தடுப்புக் கரை ஆகியன யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைப் பொதுப் பண்டங்கள் என்பர். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பால் சாமுவேல்சன் 1954இல் இக்கருத்துக்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். இவ்வகைப் பண்டத்தில் உள்ள இடர்ப்பாடு என்னவெனில், தாம் கொடுக்காவிட்டாலும் பயன் கிடைக்கும் என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிக்கொள்ள இடமுண்டு. எல்லோரும் அவ்வாறே ஒதுங்கிவிட்டால் விளக்கு எரியாது. சந்தா வசூலிக்கச் செல்லும் நம் பணியாளருக்கு இந்தப் பாடத்தை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மையவாடியோ வேறு வகை. அங்கே இடம் தர மறுக்க எவருக்கும் மனம் வராது. ஆனால் நிலம் அளவுடையது. ஒருவருக்குத் தந்த இடம் அடுத்தவருக்குக் குறைகிறது. தடுப்பது கடினம், எடுத்தால் குறையும் என்னும் இவ்விரு தன்மையும் ஒருங்கே அமைந்தவற்றைப் பொதுவள ஆதாரங்கள் என்பர். மேய்ச்சல் நிலம், கடல் மீன், கண்மாய் நீர், நிலத்தடி நீர் ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை. நீரும் மேய்ச்சலும் நெருப்பும் மக்கள் யாவருக்கும் பொது என்னும் நெறி நம் மார்க்கத்தில் தொன்றுதொட்டு அறியப்பட்டதே. பொது என்பதன் பொருள் கேட்பாரற்றது என்பதன்று. இங்கேதான் உலகம் பெரும்பாலும் தவறி விழுந்திருக்கிறது.

ஹார்டின் சொன்னதும் சொல்லாததும்

1968இல் காரெட் ஹார்டின் என்னும் உயிரியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலம் ஒன்றில் ஒவ்வோர் இடையரும் மேலும் ஒரு மாட்டைச் சேர்க்கிறார். அம்மாட்டின் இலாபம் முழுவதும் அவருக்கு. புல் குறைவதால் வரும் நட்டமோ அனைவருக்கும் பங்கு. ஆகவே எவரும் நிறுத்தமாட்டார். இறுதியில் நிலம் பாழாகும். இதுவே அவரது வாதம். இதற்கு மாற்று, அரசின் கட்டுப்பாடு அல்லது தனியுடைமை என்றே பலரும் முடிவு கட்டினர்.

அக்கதையில் வரும் இடையர்கள் ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசிக்கொள்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு ஊர்க்கூட்டம் இல்லை, பெரியவர்கள் இல்லை, முறை இல்லை. உண்மையான ஊர்களில் இவை உண்டு. தமிழகத்துக் கண்மாய்களில் எந்த மடையை எப்போது திறப்பது என்று பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி என்பார் இருந்தார். கரையைச் செப்பனிட வீட்டுக்கொரு ஆள் வரும் குடிமராமத்து முறை இருந்தது. தாம் கூறியது நிர்வகிக்கப்படாத பொதுநிலத்தையே என்று ஹார்டினும் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

காலடியில் மிதக்கும் நன்னீர்

நம் ஊர் கடற்கரை ஊர். மணலுக்கு அடியில் நமக்குக் கிடைக்கும் நன்னீர், கடலிலிருந்து உள்ளே நீண்டிருக்கும் உப்புநீரின் மீது மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீரைவிட நன்னீர் சற்றே இலேசானது என்பதே காரணம். கைபன், ஹெர்ட்ஸ்பெர்க் என்னும் ஐரோப்பியர் இருவர் நூறாண்டுகளுக்கு முன்னரே இதன் கணக்கைக் கண்டறிந்தனர். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும்.

இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் தோன்றும். நீர்மட்டம் ஓர் அடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிட்டால், உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலேறி வரக்கூடும். மேட்டு நிலத்து ஊர்களில் தண்ணீர் இறங்கினால் இன்னும் ஆழமாகத் துளையிடுகிறார்கள். கடற்கரையிலோ ஆழமாகத் துளையிடுவது உப்பை எதிர்கொண்டு அழைப்பதற்கு ஒப்பாகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்ததன் விளைவாகக் கடல்நீர் பல கிலோமீட்டர் தொலைவு நிலத்துக்குள் புகுந்தது நாடறிந்த செய்தி. ஒருமுறை புகுந்த உப்பு ஒரு மழையில் வெளியேறுவதில்லை.

நமது தவறு

பிறர் தவறைச் சொல்வதற்கு முன் நம் தவறைச் சொல்லிவிடுவது முறை. ஒரு காலத்தில் நம் பள்ளிவாசலில் ஹவுள் இருந்தது. பழைய கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பிய அந்நீரில் ஊரார் ஒளூச் செய்தார்கள். பிறகு வசதி கருதிக் குழாய்கள் அமைத்தோம். கிணற்று நீர் போதவில்லை என்று ஆழ்துளைக் கிணறு போட்டோம். சில ஆண்டுகளில் அதுவும் போதாமல் மேலும் ஆழப்படுத்தினோம். நன்கொடையாளர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். நாமும் அதை ஆண்டறிக்கையில் சாதனையாக அச்சிட்டோம்.

அதற்கடுத்த கோடையில் பள்ளிவாசலின் பின்தெருவில் இருந்த கைப்பம்புகளில் தண்ணீர் உவர்த்தது. அத்தெருவில் வாழ்வோர் பெரும்பாலும் அன்றாடம் உழைத்து உண்பவர்கள். இன்று அவர்கள் குடிநீரைக் குடம் ஒன்றுக்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் மோட்டார்தான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. அண்மையில் எழுந்த மாடி வீடுகள் ஒவ்வொன்றிலும் ஓர் ஆழ்துளைக் கிணறு உண்டு. ஆயினும் எல்லோருக்கும் வழிகாட்ட வேண்டிய நாம் அவ்வரிசையில் முன்னே நின்றோம் என்பதை மறுப்பதற்கில்லை. ஒளூவின் நீரிலும் விரயம் ஆகாது என்று பயான் கேட்டுவிட்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்களும் நாமே.

உப்பை எதிர்த்த ஊர்கள்

நம்மைப் போன்ற சிக்கலை வேறோர் ஊர் எவ்வாறு சந்தித்தது என்பதைக் காண்போம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கடலை ஒட்டிய மேற்கு வடிநிலம் என்னும் நிலத்தடி நீர்ப்பரப்பு உள்ளது. நகராட்சிகளும் தொழிற்சாலைகளும் தண்ணீர் நிறுவனங்களும் போட்டியிட்டு இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகத் தொடங்கியது. 1945இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. இறைப்போர் தமக்குள் சங்கம் அமைத்துப் பல ஆண்டுகள் பேசினர். 1955இல் இடைக்கால உடன்பாடு செய்து, ஒவ்வொருவரும் தத்தம் அளவைக் குறைத்துக்கொண்டனர். 1961இல் நீதிமன்றம் அவரவர் பங்கை உறுதிசெய்தது. கடலோரமாக வரிசையாகக் கிணறுகள் அமைத்து, அவற்றின் வழியே நன்னீரை உள்ளே செலுத்தி உப்புக்கு அணை கட்டினர்.

அவர்களுக்கு வெளியிலிருந்து நீர் கொண்டுவரக் கால்வாய்கள் இருந்தன, பணம் இருந்தது. நமக்கு அவை இல்லை. ஆனால் அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் பணத்தைச் சார்ந்ததன்று. யார் எவ்வளவு இறைத்தார் என்பதைக் கண்காணிக்க ஒருவர் நியமிக்கப்பட்டார்; அவ்விவரம் ஆண்டுதோறும் அறிக்கையாக வெளிவந்தது. அண்டை வீட்டார் வரம்பு மீறவில்லை என்று கண்ணால் கண்டபின், தாமும் வரம்புக்குள் நிற்க ஒவ்வொருவருக்கும் மனம் வந்தது.

இந்த வடிநிலத்தை ஆராய்ந்தே எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் 1965இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மலை மேய்ச்சல் நிலங்கள், மீன்பிடித் துறைகள், பாசனக் கால்வாய்கள் எனப் பல நாடுகளின் பொதுவளங்களை ஆராய்ந்து 1990இல் நூலாக வெளியிட்டார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசை ஆலிவர் வில்லியம்சனுடன் பகிர்ந்துகொண்டார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

அவர் எடுத்துக்காட்டிய ஊர்களுள் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவும் ஒன்று. முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்தில் செழித்த பாசன முறையின் தொடர்ச்சி அங்கு இன்றும் வாழ்கிறது. கால்வாயைக் குறிக்கும் அந்நாட்டுச் சொல்லே அரபுமொழியிலிருந்து சென்றதாகும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் பேராலயத்தின் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. உழவர்கள் தம்முள் தேர்ந்தெடுத்தவர்களே நீதிபதிகள். வழக்கறிஞர் இல்லை; வாய்மொழி விசாரணை; அங்கேயே தீர்ப்பு. 2009இல் யுனெஸ்கோ இதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

சட்டம் செய்யாதா?

அரசு பார்த்துக்கொள்ளும் என்று சொல்வோர் உண்டு. நம் நாட்டில் தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலத்துக்கு உரியவருக்கே என்னும் கருத்து, 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் முதல் வேரூன்றியுள்ளது. ஆனால் நீர் மனைக்கு மனை வேலி போட்டுக்கொண்டு நிற்பதில்லை. தமிழகத்தில் 2003இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. அதே 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது பெரும் நன்மை. ஆனால் அன்று அமைத்த தொட்டிகளில் எத்தனை இன்று தூர்வாரப்பட்டுள்ளன? நம் பள்ளிவாசலின் தொட்டியைத் திறந்து பார்த்தோம். மண்ணும் இலைகளுமே நிறைந்திருந்தன.

ஒன்றைக் கட்டுவது பாதி வேலை, பேணுவது மறுபாதி. மதீனாவில் ரூமா என்னும் கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி மக்கள் யாவருக்கும் பொதுவாக்கியதை நாம் அனைவரும் அறிவோம். வக்ஃப் செய்தபின் அதைப் பராமரிக்க முத்தவல்லி வேண்டும் என்று முன்னோர் வகுத்ததன் நுட்பமும் அதுவே. நிலத்தடி நீருக்கு நம் ஊரில் இன்று முத்தவல்லி இல்லை.

நாம் செய்ய வேண்டுவன

ஆகவே நிர்வாகக் குழுவின் சார்பில் பின்வருவனவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, அளவு. பள்ளிவாசலின் பழைய கிணற்றில் முடிச்சிட்ட கயிறு கொண்டு மாதந்தோறும் முதல் ஜும்ஆவன்று நீர்மட்டத்தை அளந்து, அறிவிப்புப் பலகையில் எழுதுவோம். தண்ணீரின் உவர்ப்பையும் சோதித்துக் குறிப்போம்.

இரண்டாவது, நம்மிடமிருந்தே தொடக்கம். பள்ளிவாசலின் ஆழ்துளைக் கிணறு இனி ஆழப்படுத்தப்படாது. மோட்டார் ஓடும் நேரம் வரையறுக்கப்படும். ஹவுளைச் செப்பனிட்டு மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவோம். ஒளூ நீரை மணல் வடிகட்டி வழியாக நிலத்துக்குத் திருப்பிவிடுவோம். மழைநீர்த் தொட்டியை ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் சுத்தம் செய்வோம்.

மூன்றாவது, கலந்தாய்வு. நாம் குறைத்தால் அடுத்த தெருவார் எடுத்துக்கொள்வார்கள் என்று சிலர் கூறுவது பொய்யன்று. ஹார்டினின் இடையர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். அதற்கு மருந்து, அடுத்த தெருவாரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுவதே. நிலத்தடி நீருக்கு மஹல்லா எல்லையும் தெரியாது, மதமும் தெரியாது. கோயில் தெருப் பெரியவர்களையும் மீனவர் குப்பத்துத் தலைவர்களையும் பேரூராட்சி உறுப்பினர்களையும் சேர்த்து ஒரு கூட்டுக் குழு அமைப்போம். கைப்பம்பு உவர்த்துப்போன பின்தெருவைச் சேர்ந்த பெண்கள் அக்குழுவில் கட்டாயம் இடம்பெற வேண்டும். அவர்களே குடம் சுமப்பவர்கள். நீரின் நிலையை அவர்களைவிட நன்கறிந்தவர் இல்லை.

நான்காவது, முறைமீறல். எடுத்த எடுப்பில் தண்டனை கூடாது. முதல்முறை அன்பாக ஒரு சொல். இரண்டாம் முறை குழுவின் முன் விளக்கம். அதன் பின்னரே கண்டிப்பு. நீடித்து நிலைத்த பொதுவள அமைப்புகள் பெரும்பாலும் இவ்வாறு படிப்படியாகவே கண்டித்ததை ஆஸ்ட்ரம் அம்மையார் பதிவு செய்துள்ளார்.

இவற்றால் அடுத்த ஆண்டே பின்தெருவில் இனிப்புநீர் ஊறிவிடும் என்று உறுதி கூற இயலாது. உப்பு ஏறுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. இறங்குவதற்கும் பல மழைகள் வேண்டும். அதுவரை பின்தெரு வீடுகளுக்குக் குடிநீர் வண்டியின் செலவை ஜமாஅத் பொது நிதியிலிருந்து ஏற்பதற்கு இக்கூட்டத்தின் ஒப்புதலை வேண்டுகிறோம். அவர்களின் நட்டத்தில் நமக்கும் பங்குண்டு என்பதால் இதை உதவித்தொகை என்று கணக்கில் எழுதாமல், செலுத்த வேண்டிய கடன் என்றே எழுத விரும்புகிறோம்.

இவ்வாண்டறிக்கையின் இறுதிப் பக்கத்தில் 12 மாதங்களின் பெயருடன் ஒரு வெற்றுக் கட்டம் அச்சிடப்பட்டுள்ளது. அது நீர்மட்டத்தின் கணக்கு. அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில், பணக் கணக்கை வாசிப்பதற்கு முன் அக்கட்டத்தைச் செயலாளர் வாசிக்க வேண்டும். எண்கள் நமக்குப் பாதகமாக இருந்தாலும் மறைக்காமல் வாசிக்க வேண்டும். அதைக் கேட்டுக் கேள்வி எழுப்பும் உரிமை உங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு.