ஓடுகிற கண்ணும் ஓடுகிற வண்டியும்



ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே பனைமரம் பின்னால் ஓடுகிறது, கிணற்றடி ஓடுகிறது. வரப்பில் மெல்ல நடக்கிற ஆடும் அவற்றோடு சேர்ந்து ஓடுகிறது. இந்த ஓட்டத்தில் உண்மையாகவே நகர்வது எது? விமானத்தின் வயிற்றில் பொருத்திய ரேடாருக்கு இதுதான் பெரும்பாடு.

தரையில் நிற்கும் ரேடாருக்கு இது எளிது. நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறும். அதுதான் டாப்ளர் விளைவு. மாறாமல் வந்ததை ஒதுக்கினால் வண்டி மிஞ்சும். விமானமோ நொடிக்கு 200 மீட்டர் பறக்கிறது. அசையாத மண்ணே திசைக்கு ஒரு விதமாக அதிர்வெண்ணை மாற்றித் திருப்பி அனுப்புகிறது. மெதுவாகப் போகும் லாரி அந்த இரைச்சலில் அமிழ்ந்துபோகும்.

மறுபடி ரயிலுக்கு வாருங்கள். முன்பெட்டி ஜன்னலிலிருந்து ஒரு படம் எடுக்கிறோம். பின்பெட்டி ஜன்னல் அதே இடத்துக்கு வந்ததும் இன்னொரு படம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் பனைமரம் அச்சாகப் பொருந்தும், ஆடு மட்டும் விலகி நிற்கும். விமானத்திலும் இப்படித்தான், ஆண்டெனாக்கள் முன்னும் பின்னுமாக இருக்கும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் விமானம் 20 சென்டிமீட்டர் போகிறது. 36 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கும் லாரி 1 சென்டிமீட்டர் நகர்கிறது. ரேடார் அலையின் நீளமே 3 சென்டிமீட்டர்தான் என்றால், அந்த 1 சென்டிமீட்டர் தாராளம். ஓர் ஆண்டெனா கேட்ட எதிரொலியிலிருந்து மற்றது கேட்டதைக் கழித்தால் மண் மறைந்து லாரி தெரியும்.

நடைமுறையில் விமானம் குலுங்கும், ஆண்டெனாக்களும் துல்லியமாக ஒத்திருக்காது. 1973இல் பிரென்னன், ரீட் என்ற இருவர் இதற்கு ஒரு கணித வழி சொன்னார்கள். சுற்றியுள்ள மண்ணின் எதிரொலியைக் கேட்டே, அதை அடக்கும் விதத்தை ரேடார் தானாகக் கணக்கிட்டுக்கொள்ளும். இந்தத் துறையிலேயே அழகான யோசனை இதுதான் என்பேன்.

1991 வளைகுடாப் போரில் அமெரிக்கா, தரையில் நகர்வதைக் காணும் ரேடார் பொருத்திய, சோதனை முடியாத இரண்டு ஈ-8ஏ விமானங்களை அனுப்பியது. சுமார் 7 மீட்டர் நீள ஆண்டெனாவோடு அவை 49 முறை பறந்தன. பிப்ரவரி இறுதியில், குவைத்திலிருந்து பாஸ்ரா நோக்கி விரைந்த வாகன வரிசையை இரவில் காட்டிக்கொடுத்தவை அவைதான்.

திரையில் தெரிவது புள்ளிகள். உள்ளே இருப்பது படைவீரனா, ஊரை விட்டு ஓடும் குடும்பமா என்பதைப் புள்ளி சொல்லாது. வேறொரு கண் பார்த்து உறுதிசெய்யாத புள்ளியின்மீது குண்டு விழக்கூடாது என்பதே என் திடமான கருத்து.