குளிசையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பீலிக்கரையில் ஒரு பிள்ளை, கை வெடிக்கும் வரைக்கும் கழுவிக்கொண்டே நிற்கிறாள். லயத்தில் "சேட்டை" என்கிறார்கள், "காத்துக் கருப்பு" என்கிறார்கள். இரண்டுமில்லை. டாக்டர்மார் இதை ஓ.சி.டி. என்பார்கள். அழுக்கு ஒட்டியிருக்கிறது என்ற பயம் மனதை அரிக்கிறது. கழுவினால் கொஞ்சம் அடங்கும்; திரும்பவும் வரும். ஏசுவதால் இது மாறாது.

பயத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய் எதிர்க்கப் பழக்கும் பயிற்சி இருக்கிறது. அது போதாவிட்டால் செர்ட்ரலீன், ஃபுளுஒக்செட்டின் போன்ற குளிசை தருவார்கள். குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள்.

இங்கேதான் நாங்கள் தவறு விடுகிறோம். இரண்டு வாரம் கொடுத்துவிட்டு, "ஒரு சொகமும் காணல்லியே" என்று நிறுத்திவிடுகிறோம். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் செல்லலாம். முதல் நாட்களில் வயிற்றுப் பிரட்டல், தலையிடி, தூக்கக் குறைவு வரலாம். பெரும்பாலும் தானாகவே குறையும். ஆனால் பிள்ளை நிலைகொள்ளாமல் தவித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். குளிசையைப் பெரியவர்களே பூட்டி வைத்துக் கையில் கொடுங்கள்.

இது போதைக் குளிசை அல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள். கிளினிக் போனால் ஒரு நாள் பேர் போகும், எங்களுக்கும் தெரியும். போன பேரை இன்னொரு நாள் உழைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்குப் போகிற பள்ளிக்கூட வருசம் திரும்பி வராது.