சக்கரத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



குறும்படம் எடுக்க ஆசை, சாமான் வாங்கக் காசில்லை என்று மாணவர்கள் சிலர் என்னிடம் சொன்னார்கள். காமிரா இன்று பெரிய பிரச்னையில்லை. கையிலிருக்கும் செல்போனே போதும். அதை ஆடாமல் நகர்த்துவதுதான் பாடு. அது நம்ம மெக்கானிக்கல் வேலை!

1992-ல் வந்த 'எல் மரியாச்சி'யை ராபர்ட் ரோட்ரிகஸ் சுமார் 7,000 டாலரில் எடுத்தார். டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி. 1981-ன் 'தி ஈவில் டெட்' படத்தில் சாம் ரைமியின் ஆட்கள் பலகையின் நடுவில் காமிராவை மாட்டி, இரு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முரட்டு யோசனை மாதிரி தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு முனை 4 அங்குலம் எகிறினால் நடுவில் 2 அங்குலம்தான்.

டிராலி செய்ய ஒரு பிளைவுட் பலகையும் இரண்டு வரிசை பி.வி.சி. குழாயும் போதும். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு ஸ்கேட்டிங் சக்கரம், ஒன்றுக்கொன்று செங்கோணமாக. இரண்டும் குழாயின் இரு தோளிலும் உட்கார்ந்து உருளும், பக்கவாட்டில் நழுவாது. குழாயை நீட்ட வெளியே கப்ளிங் போடாதீர்கள், சக்கரம் ஏறி இறங்கும்போது படம் குலுங்கும். உள்ளே இறுக்கமாக ஒரு மர உருளையைச் செருகி, சேரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பலகை பழையதாக இருக்கட்டும், பெயிண்ட்டே வேண்டாம். சக்கரமும் பேரிங்கும் மட்டும் நல்லதாக வாங்குங்கள். கரகர சத்தம் வசனத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும்!

இன்னொன்று, போல்ட். காமிராவின் அடியிலுள்ள மரை பொதுவாகக் கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. கடைக்காரர் 'கிட்டத்தட்ட அதே சைஸ்தான் சார்' என்று எம்-6 போல்ட்டைக் கொடுப்பார். ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். பலத்தைக் காட்டினால் காமிராவின் மரை போச்சு. பி.எஸ்.டபிள்யூ. கால் அங்குலம் என்று கேட்டு வாங்குங்கள், அதிலும் அதே 20 சுற்று. நீளம் அதிகமானால் வாஷர் போடுங்கள்.

கிரேன் செய்யலாமா என்று ஒரு தம்பி கேட்டார். தலைக்கு மேல் போகும் எதையும் நமது ஒர்க்‌ஷாப் ஆசிரியர் பார்த்துச் சரி சொல்லாமல் தூக்காதீர்கள். படப்பிடிப்பு முடிந்ததும் முதலில் இறக்க வேண்டியது பின்முனை எடைக்கல், காமிரா அப்புறம்தான். அவசரத்தில் மாற்றிச் செய்தால் காமிரா முனை எகிறி, பக்கத்தில் நிற்பவரின் தாடையைப் பெயர்த்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒர்க்‌ஷாப் பக்கம் வாருங்கள். பத்தடிக்கு டிராக் போட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு தடவை தள்ளிப் பார்க்கலாம்.