கட்டும் கயிறும் கனிந்த சொல்லும்

வவுனியாவுக்கு வடக்கே, கண்டி–யாழ்ப்பாண வீதியில் உள்ளது ஓமந்தை. வன்னி மக்களுக்கு அது வெறும் ஊர்ப்பெயர் அன்று. போர்க்காலத்தில் அங்கே சோதனைச் சாவடி இருந்தது. 2009ஆம் ஆண்டிலே போர்முனையிலிருந்து வெளியேறிய பல்லாயிரவர் அங்கே வரிசையில் நின்று சோதிக்கப்பட்ட பின்னரே தெற்கே செல்ல முடிந்தது.

அந்த நினைவைச் சுமக்கும் ஒருவர், மனநோய் முற்றி வைத்தியசாலை விடுதியொன்றில் சேர்ந்திருக்கிறார் என வைத்துக்கொள்க. நள்ளிரவில் எழுந்து வாயிலை நோக்கி நடக்கிறார். “எங்கே போகிறாய்? போய்ப் படு!” என அதட்டற் குரல் எழுகிறது. அவர் திமிறுகிறார். நால்வர் பிடித்துக் கட்டிலோடு பிணைக்கின்றனர். அவருக்குத் தாகம் என்பதை எவரும் கேட்டறியவில்லை. விடிந்ததும் கடமைக்கு வருவோரிடம், “முரடன், கவனம்” என்ற செய்தி மட்டும் கைமாறுகிறது.

கட்டுதல் சிகிச்சையாகாது. மூச்சுத் திணறலும், காலில் இரத்தம் உறைதலும், சிலவேளை மரணமுங்கூட அதனால் நேர்வதுண்டு. தமிழகத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், காப்பகமொன்றில் தீப்பற்றியபோது சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர்.

மாற்றுவழி புதியதன்று. 1839ஆம் ஆண்டிலேயே, இலண்டனை அடுத்த ஹான்வெல் மனநோய் மனையில், ஜான் கொனலி என்னும் வைத்தியர் விலங்குகளை விலக்கினார். அண்மைக் காலத்தில் லென் போவர்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் இங்கிலாந்தில் 15 வைத்தியசாலைகளின் 31 விடுதிகளில் ஆராய்ந்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். மென்சொல் வழங்குதல், துன்பச் செய்தியைப் பக்குவமாக உரைத்தல், கடமை மாறும்போது ஒவ்வொரு நோயாளரைப் பற்றியும் நல்லதொன்றையேனும் கூறுதல் முதலான பத்து நடைமுறைகள் அங்கே கையாளப்பட்டன. பிடித்தடக்குதல், தனியறையிற் பூட்டுதல், அவசர மருந்தூட்டல் போன்ற செயல்கள் ஏறத்தாழ 26 சதவீதம் குறைந்தன.

“ஆளணி குறைவு, பேசிக்கொண்டிருக்க நேரமேது?” எனக் கேட்கலாம். கட்டுவதற்கு நால்வர் வேண்டும். கட்டிய பின் இரவெல்லாம் காவல் வேண்டும். “ஐயா, என்ன வேண்டும்?” எனக் கேட்பதற்கு ஒருவர் போதும். அவர் எட்டி நின்று, தாழ்ந்த குரலில், நோயாளரின் மொழியிலே கேட்கவேண்டும். பதில் வரும்வரை பொறுக்கவேண்டும். எதனால் அவர் அஞ்சுகிறார், எதனால் அமைதியுறுகிறார் என்பதை அடுத்து வரும் தாதிக்கும் சிற்றூழியருக்கும் சொல்லிச் செல்லவேண்டும்.

உயிருக்கு ஆபத்து நேருமிடத்துச் சிறிது நேரம் பிடித்துவைத்தல் தவிர்க்கமுடியாது போகலாம். அப்போதும் அருகிருந்து காத்து, விரைவில் விடுவித்து, பின்னர் அவரோடு அமர்ந்து காரணம் பேசுதல் கடன். ஓமந்தையைக் கடந்து வந்தவருக்கு வைத்தியசாலை இன்னொரு சோதனைச் சாவடி ஆகிவிடலாகாது.